பழைய ஊர் எங்கே முடிந்தது?

கேள்வி: இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷரில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்னால் ஆடு மேயும் நிலம், ஒரே மேடும் பள்ளமும். இடைக்கால ஊர் அங்கேதான் இருந்தது என்கிறார்கள். எங்கள் தோட்டம் வரை வந்திருக்குமா? 'டூம்ஸ்டே வரைபட அறிக்கை' தருவதாக ஒருவர் 90 பவுண்ட் கேட்கிறார்.

பதில்: அந்த 90 பவுண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் வரைபடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நிலம் யார் கையில், எத்தனை ஏர், எத்தனை குடி, என்ன பெறும், அவ்வளவுதான். ஒரே ஊர் இரண்டு மூன்று பிரபுக்களின் கணக்கில் சிதறிக் கிடக்கும். அதை வைத்து யாராவது எல்லை போட்டுத் தந்தால் அது அவருடைய கைச்சரக்கு.

எல்லை தரையிலேயே இருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுத்த லைடார் படங்களை சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே தருகிறது. அதில் அமிழ்ந்த தெரு தெரிகிறதா பாருங்கள். இருபுறமும் வீட்டு மேடைகள், அவற்றின் பின்னே நீளமான கொல்லைகள், கொல்லை முடிகிற இடத்தில் ஒரு கரையோ பின்தெருவோ இருக்கும். அதற்கப்பால் உழவு வரிகள், அதாவது உழுது உழுது வந்த நீள மேடு பள்ளங்கள், திருப்பிப் போட்ட 'எஸ்' போல லேசாக வளைந்து. நீள ஏர்பூட்டைத் திருப்ப இடம் வேண்டுமே, அதனால் வந்த வளைவு. வரி தொடங்கினால் ஊர் முடிந்தது.

ஒன்று மட்டும் குழப்பும். கொல்லைகளே அப்படி வளைந்திருந்தால், ஊர் பெருத்தபோது உழுத நிலத்தின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள்; வரியின் வளைவு கொல்லைக்கு வந்துவிட்டது. மாறாக, வீட்டு மேடையின் மேலேயே வரி ஓடினால், ஆள் போனபின் ஏர் ஓட்டியிருக்கிறார்கள். எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் கோடு போடாதீர்கள். 1250-இல் இருந்த எல்லை 1450-இல் இருந்திருக்க வேண்டியதில்லை.

கவுண்டி தொல்லியல் பதிவேட்டையும் கேளுங்கள். பல ஊர்கள் அதில் வெறும் புள்ளிதான், என்ன செய்ய! பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று போட்ட கோடும் பல இடங்களில் இன்றைய வேலியைப் பிடித்துக்கொண்டே போகும். வேலி எங்கே, ஊர் எங்கே? ஆனாலும் அந்தக் கோட்டுக்குள் அனுமதியில்லாமல் தோண்டுவதும் மெட்டல் டிடெக்டர் ஓட்டுவதும் 1979 சட்டப்படி குற்றம்.

உங்கள் தோட்டம் அதற்கு வெளியே என்றால் சரி, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குழி போட்டு, பத்து சென்டிமீட்டர் அடுக்காக இறங்குங்கள். பானை ஓடு கிடைத்ததும் துள்ள வேண்டாம். வீட்டுக் குப்பையை எருவோடு சேர்த்து வயலில் கொட்டுவார்கள். அப்படி வந்த ஓடுகள் சிறுசாக, தேய்ந்து மழுங்கியிருக்கும். முனை மழுங்காத பெரிய ஓடுகள் நிறைய வந்தால், யாரோ ஒருவரின் கொல்லையில்தான் நிற்கிறீர்கள்.