எள்ளுத்தாத்தா வழியே கிடைக்கும் துப்பு: வாசகர் கேள்வி பதில்

பல ஆண்டுகளாகத் துப்புத் துலங்காமல் கிடந்த கொலை வழக்குகளை டி.என்.ஏ. வம்சாவளி ஆய்வு துலக்குவதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்லப்படுகிறது.

கேள்வி: குற்றவாளிகளின் டி.என்.ஏ. விவரங்களைக் காவல் துறையினர் நெடுங்காலமாகவே சேமித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சேமிப்பில் அகப்படாத ஒருவரை, பெயர்கூடத் தெரியாத நிலையில், வம்சாவளி ஆய்வு மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: அமெரிக்கக் காவல் துறையினர் பயன்படுத்தும் ‘கோடிஸ்’ என்ற சேமிப்பில், ஒருவருடைய டி.என்.ஏ.வில் 20 இடங்கள் மட்டுமே பதிவாகின்றன. 2017-க்கு முன்பு அது 13 இடங்களாக இருந்தது. தடயத்தில் கிடைத்த டி.என்.ஏ. இன்னாருடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த 20 இடங்கள் தாராளமாகப் போதும். ஆனால், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரைத் தாண்டிய தூரத்து உறவை அதைக் கொண்டு கண்டறிய இயலாது. வம்சாவளி ஆய்வு 6 லட்சத்துக்கும் அதிகமான இடங்களைப் படித்து, இரண்டு மனிதர்களிடம் தொடர்ச்சியாக ஒன்றுபோல இருக்கும் டி.என்.ஏ. துண்டுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று அளக்கிறது. ஒரே முன்னோரிடமிருந்து இருவருக்கும் இறங்கி வந்த துண்டுகள் அவை.

இதை நம் உறவுமுறைச் சொற்களிலேயே சொல்லிவிடலாம். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளாகிய இருவரிடையே சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ. பொதுவாக இருக்கும். கொள்ளுத்தாத்தா ஒருவரே என்றால் அது 3 விழுக்காட்டளவுக்கு இறங்கும். எள்ளுத்தாத்தா ஒருவரே என்றால் 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். தேடலில் பெரும்பாலும் அகப்படுவது இந்தக் கடைசி வகை உறவுதான். அவருடைய முகத்தையும் இவருடைய முகத்தையும் அருகருகே வைத்தால் உறவு என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு மனிதருக்கு எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி இணைகள் எட்டு உண்டு. பொருந்திய உறவினர் எந்த இணையின் வழியாக உறவாகிறார் என்பது டி.என்.ஏ.வைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகவே ஆய்வாளர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள், திருமணப் பதிவுகள், செய்தித்தாள்களில் வந்த மரண அறிவிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு அந்த உறவினரின் முன்னோரை நோக்கி மேலே ஏறுகிறார்கள். பிறகு அந்த முன்னோரின் எல்லாக் கிளைகளிலும் இன்றைய தலைமுறை வரை கீழே இறங்குகிறார்கள். இப்படி ஒரே ஒரு கொடிவழியில் இறங்கினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து குவியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கொடிவழிகளிலிருந்து பொருத்தம் கிடைக்கும்போதுதான் வழி திறக்கிறது. அந்த இரு வம்சங்களும் எங்கோ ஒரு திருமணத்தில் சந்தித்திருக்க வேண்டும். தேடப்படுபவர் அந்தத் தம்பதியின் பிள்ளையாகவோ பேரனாகவோ இருக்க வேண்டும். அந்தத் திருமணப் பதிவு கண்ணில் படும் வரை ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு.

கலிஃபோர்னியாவில் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து 1986 வரை 13 கொலைகளையும் ஏறத்தாழ 50 பாலியல் வன்கொடுமைகளையும் செய்த ஜோசப் டிஏஞ்சலோ என்பவரை 2018 ஏப்ரலில் பிடித்தது இந்த வழியில்தான். அப்போது அவருக்கு வயது 72. ஒரு காலத்தில் அவரே காவலராகப் பணியாற்றியவர். பழைய தடயத்திலிருந்து எடுத்த விவரத்தை, வம்சாவளி ஆர்வலர்கள் தங்கள் டி.என்.ஏ. விவரங்களைத் தாங்களே பதிவேற்றும் ‘ஜெட்மேட்ச்’ தளத்தில் ஒப்பிட்டபோது தூரத்து உறவினர்கள் சிலர் கிடைத்தார்கள். அங்கிருந்து மேலேறிக் கீழிறங்கி வந்ததும் அவர் பெயர் மிஞ்சியது. அத்துடன் அவரைக் கைது செய்துவிடவில்லை. கடைக்கு வந்தபோது அவர் கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும், பின்னர் அவர் வீட்டுக் குப்பையில் கிடந்த ஒரு டிஷ்யூ தாளிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து, கொலைத் தடயத்தோடு நேரடியாக ஒப்பிட்ட பிறகே கைது நடந்தது. குடும்ப மரம் தந்தது ஒரு துப்பு. குற்றத்தோடு அவரைப் பிணைத்தது அந்த டிஷ்யூ தாள். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்வரும் பதில்களும் இதைச் சுற்றியே வருகின்றன.

கேள்வி: முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த துணியிலும் ரத்தக்கறையிலும் டி.என்.ஏ. கெடாமலா இருக்கும்?

பதில்: கெடும். வெப்பம், ஈரம், பாக்டீரியா ஆகிய மூன்றும் அதைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். ஆனால் உலர வைத்து, காகித உறையிலிட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்த தடயம் பல பத்தாண்டுகள் தாங்கும். சிதைந்த துண்டுகளையும் படித்து ஒன்றுசேர்க்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒவ்வொரு சோதனையும் தடயத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தின்றது திரும்ப வராது. கடைசித் துளியை இன்றைய கருவிக்குக் கொடுப்பதா, இன்னும் நுட்பமான கருவி வரும் வரை காப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் காத்திருக்கும் காலத்தில் இறந்தவரின் தாயும் தந்தையும் மூப்படைந்துகொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. உறவினரின் டி.என்.ஏ.வை வைத்து ஒருவரைத் தேடும்போது, குற்றமற்ற ஒருவர் சிக்கிக்கொள்ள மாட்டாரா?

பதில்: சிக்கியிருக்கிறார்கள். சிக்கிக் கிடந்த ஒருவரை இதே ஆய்வு மீட்டும் இருக்கிறது. இரண்டும் நடந்தது ஒரே வழக்கில் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ஐடஹோ ஃபால்ஸ் நகரில், 1996 ஜூன் மாதம் 18 வயதுப் பெண் ஒருவர் தன் குடியிருப்பில் கொல்லப்பட்டார். கொலையாளியின் டி.என்.ஏ. அங்கேயே கிடைத்தது. சில மாதங்கள் கழித்து 20 வயது இளைஞர் ஒருவரைக் காவல் துறையினர் அழைத்து, பல நாட்கள், பல மணி நேரம் விசாரித்து, குற்றத்தில் தனக்குப் பங்குண்டு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். தடயத்தில் இருந்த டி.என்.ஏ. அவருடையது அல்ல என்பது அப்போதே தெரியும். தெரிந்தும், கொலையில் வேறு ஆளும் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி வழக்கை நடத்தி, 1998-ல் அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள்.

தடயத்துக்கு உரியவரைத் தேடும் வேலை தொடர்ந்தது. 2014-ல், ஆண்வழியில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமை மட்டும் வைத்து ஒரு பழைய வம்சாவளிச் சேமிப்பில் தேடியபோது, ஏறக்குறைய முழுமையான பொருத்தம் ஒன்று கிடைத்தது. அது நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த ஒரு திரைப்படக் கலைஞரின் தந்தை கொடுத்திருந்த மாதிரி. சந்தேகம் மகன் மீது விழுந்தது. நீதிமன்ற ஆணை பெற்று அவருடைய டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு போனார்கள். பொருந்தவில்லை என்ற பதில் வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. ஒய் குரோமோசோம் பல தலைமுறைகளுக்குப் பெரிய மாற்றமின்றி அப்படியே இறங்குவது. அதில் காணும் நெருக்கம் இரத்த உறவின் நெருக்கத்தைக் காட்டாது. அந்த ஒரு மாதத்தை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

இதற்கிடையில், கொல்லப்பட்ட பெண்ணின் தாயே விசாரணை ஒளிப்பதிவுகளைப் பார்த்து, சிறையில் இருக்கும் இளைஞர் குற்றமற்றவர் என்ற முடிவுக்கு வந்திருந்தார். தன் மகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவரின் விடுதலைக்காக அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். அவ்விளைஞர் 2017-ல் ஓர் உடன்பாட்டின் பேரில் வெளியே வந்தார் என்றாலும், கொலைப் பழி அவர் பெயரிலேயே இருந்தது. பின்னர், 6 லட்சம் இடங்களைப் படிக்கும் புதிய முறையில் தேடல் நடந்தது. அது காட்டிய மனிதர், கொலை நடந்தபோது அதே தெருவில் எதிர்ப்புறம் குடியிருந்தவர். கொலை நடந்த நாட்களில் காவல் துறையினர் அவரிடம் பேசியும் இருந்தார்கள். அவர் காரிலிருந்து எறிந்த சிகரெட் துண்டு தடயத்தோடு பொருந்தியது. 2019 மே மாதம் பிடிபட்டு, தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில், 20 ஆண்டுகள் சிறையில் கழித்த அந்த அப்பாவியின் மீதிருந்த கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

கொலை வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலாகப் பயன்பட்ட கதையும் இதே போன்றதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்த 17 வயதுப் பையன் குற்றவாளி அல்ல என்பதை டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்த விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸின் சோதனை முதலில் காட்டியது. உண்மைக் குற்றவாளி அதற்குப் பிறகே பிடிபட்டார். சட்டம் படிக்கும் தங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: நான் சொன்ன வழக்குகளில் மனிதர்களைச் சிக்க வைத்தவை, அவசரத்தில் எடுத்த வாக்குமூலமும், துப்பைச் சான்றாக எடுத்துக்கொண்ட மனநிலையும். அந்த மனநிலை வம்சாவளி ஆய்விலும் புகுந்துவிடாதபடி காக்கும் பொறுப்பு வழக்கறிஞர்களுடையது.

கேள்வி: என் டி.என்.ஏ.வை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கோ இருக்கும் உறவினர் ஒருவர் கொடுத்ததால் என்னைத் தேடலாம் என்றால், அது என் அந்தரங்கத்தில் தலையிடுவது ஆகாதா?

பதில்: தலையிடுவதுதான். அதை மழுப்ப வேண்டியதில்லை. யானிவ் எர்லிக் முதலான ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 13 லட்சம் பேர் கொண்ட ஒரு சேமிப்பிலேயே, ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த அமெரிக்கர்களில் 60 விழுக்காட்டினருக்கு எள்ளுத்தாத்தா வழி உறவினராவது, அதைவிட நெருங்கிய உறவினராவது அகப்படுவார்கள். அதாவது, சேமிப்பில் சேராதவரும் ஒரு வகையில் சேர்ந்தவர்தான்.

தொடக்கத்தில் இதற்கு விதி எதுவும் இருக்கவில்லை. 2019 மே மாதம் ஜெட்மேட்ச் தன் விதியை மாற்றி, காவல் துறையின் தேடலுக்குத் தெளிவாகச் சம்மதம் தந்தவர்களின் விவரங்களை மட்டுமே திறந்துவிட்டது. அதே ஆண்டு அமெரிக்க நீதித் துறை ஒரு நெறிமுறையை வகுத்தது: கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களுக்கே இந்தத் தேடல் பொதுவாக அனுமதிக்கப்படும், கோடிஸில் தேடி ஒன்றும் கிடைக்காத பிறகே இதற்கு வர வேண்டும், வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது. மேரிலாண்ட் மாநிலம் 2021-ல் இன்னும் ஒரு படி மேலே சென்று, நீதிபதியின் அனுமதியைச் சட்டமாகவே ஆக்கியது.

என் கருத்தைக் கேட்டால், மேரிலாண்டின் வழியே சரியானது. கொலைக்கு ஆளானவரின் குடும்பம் உண்மையை அறிய வேண்டும் என்பது, தூரத்து உறவினரின் அந்தரங்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிறு திருட்டுக்கு அப்படிப் படவில்லை. இரண்டையும் எடைபோடுபவர் வழக்கை விசாரிப்பவராக இருக்கக் கூடாது.

கேள்வி: எல்லா மக்களுக்கும் இம்முறை ஒரே அளவில் பயன்படுமா?

பதில்: இப்போதைக்கு இல்லை. சேமிப்புகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சத்தினர் என்பதால் மற்றவர்களுக்குப் பொருத்தம் குறைவாகவே கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் சமூகங்களில் வேறொரு சிக்கல் உண்டு: பல வழிகளில் உறவு பின்னிக் கிடப்பதால், தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர்போலத் தோன்றுவார். பதிவேடுகள் ஒழுங்காக உள்ள நாட்டில் வேலை எளிது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் 2004-ல் 8 வயதுச் சிறுவனும் 56 வயதுப் பெண்ணும் தெருவில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில், 6,000-க்கும் மேற்பட்டோரின் மாதிரிகளை எடுத்தும் கிடைக்காத விடை, 2020-ல் ஒரு வம்சாவளி ஆய்வாளர் வரைந்த குடும்ப மரத்தில் இரண்டு சகோதரர்கள் என்று வந்து நின்றது. அவர்களில் ஒருவருடைய டி.என்.ஏ. பொருந்தியது.

கேள்வி: குற்றவாளியே இறந்துபோயிருக்கக்கூடிய அளவுக்குப் பழைய வழக்குகளுக்கு ஏன் இவ்வளவு செலவும் உழைப்பும்?

பதில்: 1957 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா நகரின் ஒதுக்குப்புறமான ஓரிடத்தில், அட்டைப் பெட்டி ஒன்றில், அடித்துக் கொல்லப்பட்ட நான்கு வயது ஆண் குழந்தையின் உடல் கிடைத்தது. அவன் முகத்தை அச்சிட்ட சுவரொட்டிகளை ஊரெங்கும் ஒட்டியும் அவனை யாரும் உரிமை கோரவில்லை. முதலில் விசாரித்த அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள், இறந்தும் போனார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்தக் கோப்பை மூடவில்லை. உடலை இரண்டு முறை தோண்டியெடுத்து, சிதைந்த எலும்பிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, தாய்வழி உறவினரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பிறப்புச் சான்றிதழுக்கு வந்து சேர்ந்தார்கள். 2022 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா காவல் துறை அவன் பெயரை அறிவித்தது. கொன்றவர் யார் என்று இன்னும் நிறுவப்படவில்லை. யாரும் தண்டிக்கப்படாமலே போகலாம்.

அதுவரை அவன் கல்லறையில் ‘அமெரிக்காவின் பெயர் அறியாத குழந்தை’ என்றுதான் பொறித்திருந்தது. 2023 ஜனவரி 13 அன்று, அவன் உயிரோடு இருந்திருந்தால் 70 வயது நிறைந்திருக்கும் நாளில், ஜோசப் என்ற அவனுடைய சொந்தப் பெயர் பொறித்த கல்லை அங்கே திறந்து வைத்தார்கள்.