ஓடாவியார் பதில்கள்: வேலையில்லாத ரிவிட்

(வள்ளம், படகு, என்ஜின் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையில் நெடுங்காலம் படகுத் தளத்தில் வேலை பார்த்த ஒருவர் பதில் சொல்கிறார். நான் ஓடாவி அல்ல, வெல்டிங்காரன். தலைப்பு ஆசிரியர் வைத்தது.)

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில், பேர்மிங்காமில் இருக்கிறான். வாடகை கட்டி அலுத்துப்போய், அங்குள்ள கால்வாயில் 57 அடி இரும்புப் படகு ஒன்று கட்டுவித்து அதிலேயே குடியிருக்கப் போகிறானாம். படகு கட்டுகிறவர், "அலங்கார ரிவிட் வைக்கட்டுமா? பழைய சரக்குப் படகு மாதிரி இருக்கும். அதற்குத் தனிக் காசு" என்று கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஆசை. பக்கத்துப் படகுக்காரரோ, "வெறும் பகட்டு, பார்த்துச் சிரிப்பார்கள்" என்கிறாராம். படகு கட்டுகிறவர் முன்பு கட்டிய வேறொரு படகின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். என்ன பதில் சொல்ல, ஐயா?
— வாசகி, உவர்மலை

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பிள்ளை. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வளைந்து ஏறும் தகட்டில் இரண்டு வரிசை மொட்டுகள். தகட்டோடு தகட்டைச் சேர்க்க அடிக்கும் ரிவிட் ஆணியின் தலை மாதிரி. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஆனால் அந்தத் தகடு ஒரே தகடு. மொட்டுகளுக்குக் கீழே மூட்டு எதுவும் இல்லை. இரண்டு தகடு சேராத இடத்தில் ரிவிட்டுக்கு என்ன வேலை? என் குறை அதுதான். பொய் ரிவிட் என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை.

அந்த நாட்டுக் கால்வாய்ப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்ட்லி என்ற பொறியாளர் நடு இங்கிலாந்தில் கால்வாய் வெட்டியபோது, படகை மேடு பள்ளம் ஏற்றி இறக்கும் 'லொக்' என்ற நீர்க்கதவுத் தொட்டிகளை ஏறக்குறைய 7 அடி அகலத்துக்குக் கட்டினார். செலவு குறைவு, தண்ணீரும் குறைவாகப் போதும். அந்த 7 அடிதான் இன்றுவரை சட்டம். நீளம் 70 அடிவரை போகலாம், அகலம் மட்டும் கூடாது. எங்கள் மூதூர் லாஞ்சிக்காரர் யாராவது பார்த்தால் "இது படகா, பீலியா?" என்று கேட்பார்.

முதலில் மரப் படகுகள், கரையில் நடக்கும் குதிரை இழுக்கும். ஜோன் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் 1787இல் செவேன் ஆற்றில் இரும்புப் படகை மிதக்கவிட்டார். பிறகு மெல்ல மெல்ல இரும்பும் கால்வாய்க்கு வந்தது. பக்கங்கள் இரும்பு, அடிப்பலகை மட்டும் எல்ம் மரம் என்று கலப்பாகவும் கட்டினார்கள். பெலோஸ், மோர்ட்டன், கிளேட்டன் என்ற சரக்குக் கம்பெனியின் படகுகளுக்கு 'ஜோஷர்' என்று பட்டப்பெயர். அதன் முதலாளி ஜோஷுவா பெலோஸின் பெயரிலிருந்து வந்தது. அணியம் அழகாக வளைந்து வரும் அந்த ஜோஷரைத்தான் இன்று படகு கட்டுவிக்கிற பலரும் கனவு காண்கிறார்கள், உங்கள் தம்பியும்தான். அந்த வளைவில் ரிவிட் வரிசை ஓடும். ஓடித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் தகட்டோடு தகட்டைச் சேர்க்க வேறு வழியில்லை. வெல்டிங் வந்தது, ரிவிட் போனது. இன்றைய படகு அடி 10 மில்லிமீற்றர், பக்கம் 6, மேல் அறை 4 என்று வெட்டி ஒட்டிய தகடு. மழமழவென்று இருக்கும். அந்த மழமழப்பு சிலருக்குப் பிடிப்பதில்லை.

ரிவிட் அடிப்பதை நேரில் பார்த்தவர்கள் இப்போது குறைவு. என் பெரியப்பா பிரிட்டிஷ் கடற்படை இங்கே இருந்த காலத்தில் டொக்யாட்டில் அந்த வேலை பார்த்தவர். ஒருவர் உலையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சுவார். ஒருவர் அதை இடுக்கியால் வாங்கித் துளையில் செருகுவார். உள்ளே ஒருவர் கனத்த இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். வெளியே ஒருவர் தலை தட்டுவார். ஆணி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கும். 1957இல் வெள்ளைக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது பெரியப்பாவின் காது ஏற்கெனவே போயிருந்தது. அந்த வேலைக்காரர் பலருக்கும் அதே கதிதான். ஆனாலும் தளர்ந்த ரிவிட்டைக் கண்டுபிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தலையின் ஒரு பக்கத்தில் சுட்டுவிரலை வைப்பார், மறுபக்கத்தில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் மெல்லிய அதிர்வு நுனியில் ஏறும். சீனக்குடாவில் கரையேற்றிக் கிடந்த பழைய பார்ஜ் ஒன்றில் என் விரலையும் வைக்கச் சொல்லிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது.

சரி, ரசனைக்கு வருவோம். உண்மையான ரிவிட் வரிசை தனியாக நிற்காது. தகட்டின் மேல் தகடு ஏறியிருக்கும்; அந்த விளிம்பு ஒரு மெல்லிய நிழல் போடும்; விளிம்பை ஒட்டித்தான் ஆணிகள் வரும். தண்ணீர் புகாமல் இருக்க வேண்டிய மூட்டு என்பதால் நெருக்கமாக இருக்கும், ஆணியின் விட்டத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இடைவெளி. இரண்டு தகடு முனையோடு முனை சேரும் இடத்தில் பட்டை வைத்து இரட்டை வரிசை அடிப்பார்கள். லொக் சுவரில் ஆண்டுக்கணக்காக உரசி, உரசும் பக்கத்துத் தலைகள் தேய்ந்திருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லாமல், ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு மொட்டு என்று வெறும் தகட்டில் ஒட்டினால், படகைப் பற்றித் தெரியாதவர்கூட எதுவோ இடறுகிறது என்று உணர்வார். என்ன என்று சொல்லத்தான் தெரியாது.

பக்கத்துப் படகுக்காரருக்கும் ஒரு வார்த்தை. "பழைய படகுக்காரர் வேஷம் போட மாட்டார்கள்" என்பது அவர் எண்ணம் போலிருக்கிறது. அந்தப் படகுக் குடும்பங்கள் பத்தடிகூடத் தேறாத பின் அறைக்குள் சமைத்து, தூங்கி, பிள்ளை வளர்த்தவர்கள். மலிவான பலகைக்கு நிறம் பூசி, ஈரம் காய்வதற்குள் சீப்பை இழுத்து ஓக் மர ரேகை வரைந்துதான் அறையை அழகு பார்த்தார்கள். கதவில் ரோஜா, கதவின் உட்பக்கத்தில் கோட்டை, தண்ணீர்க் கேனில் மறுபடி ரோஜா. கோட்டையில் யார் குடியிருந்தது? வேஷம் அந்த மரபிலேயே இருக்கிறது. நாமும் சளைத்தவர்கள் அல்ல. சீமெந்தில் மரக்குற்றி மாதிரி வாங்கு வார்த்து, பட்டை, கணு எல்லாம் கீறி, மண்ணிறம் பூசி வைக்கிறோம். அதில் உட்கார்ந்து கச்சான் தின்றிருக்கிறேன். ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. வரைந்த மர ரேகையைப் பார்ப்பவர் அதைப் பெயின்ற் என்று தெரிந்தே, வரைந்த கையை மெச்சுகிறார். ஒட்டிய மொட்டில் மெச்ச அப்படி ஒரு கை இல்லை. அதனால் அதை வைக்கும் இடத்திலாவது கொஞ்சம் படிப்பு தெரிய வேண்டும் என்கிறேன்.

தம்பி பிடிவாதமாக இருந்தால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பழைய ஜோஷர் ஒன்றைத் தேடிப்போய் அதன் அணியத்தை ஓர் அடி தூரத்திலிருந்து படம் எடுக்கட்டும். மூட்டு எங்கே ஓடுகிறது என்று கட்டுகிறவரிடம் காட்டட்டும். முதலில் தகட்டு விளிம்பு மாதிரி மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டி, அதன் மேல்தான் மொட்டு வர வேண்டும். அணியத்திலும் பின்பக்க வளைவிலும் போதும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், பார்க்கப்போவது மீன்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிக்குத் தார் மாதிரிக் கறுப்புப் பூச வேண்டியிருக்கும், அப்போது ஒவ்வொரு மொட்டையும் சுற்றித் தூரிகையைச் சுழற்றுகிறவன் தம்பியாகத்தான் இருப்பான். மொட்டுக்கும் படகின் நிறமே பூசட்டும். தங்க நிறம் வேண்டவே வேண்டாம்!

செய்முறையில் மூன்று விதம் உண்டு. தகட்டில் துளை போட்டு அதை வெல்டால் நிரப்பி மேடாக்குவது ஒன்று. நல்ல தகட்டில் துளை போட்டு அடைப்பதை என்னால் செரிக்க முடியவில்லை. பசையால் ஒட்டுவது இன்னொன்று. லொக் சுவரில் நாலு உரசல் உரசினால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, தலையை மட்டும் வைத்து வெல்டு அடிப்பது. இதுதான் உருப்படியானது, சுற்றிவர முழுதாக அடித்தால். இரண்டு புள்ளியில் மட்டும் பிடித்துவிட்டால் தலைக்கு அடியில் ஈரம் போய்க் குந்தும், ஒவ்வொரு மொட்டிலிருந்தும் துருக் கண்ணீர் வடியும். வெல்டு சூடு தகட்டின் உட்பக்கத்துப் பெயின்றையும் கருக்கும். ஆகவே உள்ளே பெயின்ற் அடிக்கவும் குளிருக்கான நுரை தெளிக்கவும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும். நுரை தெளித்த பிறகு வெளியே வெல்டு அடித்தால் நுரை தீப்பிடிக்கும், அந்தப் புகை நஞ்சு. இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குத் தண்ணீரில் நிற்கும் பகுதிக்கு எபொக்சி என்ற கெட்டிப் பூச்சு பூசுவேன். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் காப்புக் கட்டிகளையும் பார்த்துப் போடச் சொல்வேன். இங்கே கடற்கரையில் வளர்ந்தவன், பழக்கத்தில் துத்தநாகக் கட்டி கேட்டுவிடப் போகிறான். கடலுக்குத்தான் துத்தநாகம். கால்வாய் நன்னீர், மக்னீசியம் போட வேண்டும்.

மற்றப்படி குடியிருக்கப் போகிறவன் அவன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கேள்வி: புதிதாக வாங்கிய என் பைபர் வள்ளத்தின் பக்கங்களில் பலகை மேல் பலகை வைத்த மாதிரிக் கோடுகள். பலகையே இல்லாத வள்ளத்துக்கு இது எதற்கு? ஏமாற்று வேலையா?
— கடற்றொழிலாளர், கிண்ணியா

பதில்: ஏமாற்று இல்லை, தம்பி. மெல்லிய பைபர் தகட்டைச் சமமாக வார்த்தால் அலையில் உள்ளே வெளியே என்று துடிக்கும். படி படியாக மடிப்பு விழுந்தால் அதே கனத்துக்கு விறைப்புக் கூடும். பார்க்கப் பலகை மாதிரி, வேலையில் முதுகெலும்பு. எனக்குப் பிடித்த பொய் அது.

ஆனால் அந்த மடிப்பின் கூர்மையான மூலைகளைக் கவனியுங்கள். வார்க்கும்போது இழைப் பாயை மூலைக்குள் நன்றாக அழுத்தவில்லை என்றால் மேல் பூச்சுக்குப் பின்னால் காற்றுக் குமிழ் நின்றுவிடும். பத்து ரூபாய்க் குற்றியால் கோட்டின் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தலாகக் கேட்டால் பென்சிலால் வட்டம் போட்டு, வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். கல்லில் மோதியபின் கொண்டுபோனால் உங்கள் குற்றம் என்பார்கள்.

கேள்வி: திருகோணமலை என்ற பெயரில் பழைய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறதாமே. அது இங்கே கட்டியதா?
— மாணவி, பாலையூற்று

பதில்: இல்லை, மகள். பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் கட்டி, 1817இல் கடலில் இறக்கியது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பட்ட காலம், ஆகவே தேக்கு. 1782இல் நம் கரைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். இடையில் நெடுங்காலம் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகக் கிடந்து, பிறகு பழைய பெயரையே திரும்பப் பெற்றது. இப்போது ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கு என்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பது என் கட்சி.

கேள்வி: எங்கள் விடுதித் தோட்டத்தில் வைக்கப் புது வள்ளம் ஒன்று வாங்கி, வெயிலில் வெளிறி உரிந்த பழைய வள்ளம் மாதிரிப் பெயின்ற் அடிக்க யோசிக்கிறோம். எப்படி அடிப்பது?
— விடுதி நடத்துபவர், உப்புவெளி

பதில்: புது வள்ளத்தை ஏன் ஐயா பாழாக்குகிறீர்கள்? உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை கரையோரமாக ஒரு நடை போங்கள். கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள் எத்தனையோ, வெயிலும் உப்பும் கூலி வாங்காமல் அடித்த பெயின்றோடு கிடக்கின்றன. சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து நியாயமான விலை கொடுங்கள். மர வள்ளமானால் நிமிர்த்திப் பார்த்து வாங்குங்கள். மண்ணில் படுகிற விளிம்பில் கறையான் ஏறியிருக்கும்.