சொந்தத் தரப்பு தவறு செய்யும்போதுதான் நாட்டுப்பற்று சோதிக்கப்படுகிறது

நாடு இரண்டு அரசியல் முகாம்களாகப் பிளந்து கிடக்கும் காலத்தில் நாட்டை நேசிப்பது என்றால் என்ன, சாதாரணக் குடிமக்களுக்கு அதில் என்ன அறப்பொறுப்பு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுநாளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

எதிர்த்தரப்பின் அநியாயத்தைக் கண்டு கொதிப்பதை நான் நாட்டுப்பற்றாகக் கணக்கிடுவதில்லை. அதை யாரும் செய்துவிடலாம். அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியதில்லை, கைதட்டல்கூடக் கிடைக்கும். நான் வாக்களித்த கட்சி, நான் மதிக்கும் அமைப்பு, என்னைச் சேர்ந்தவர்கள் என்று நான் எண்ணும் கூட்டம் ஒரு தவறைச் செய்து அதை நாட்டின் பெயரால் மூடி மறைக்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பதுதான் கேள்வி.

இதற்கு டிரைபஸ் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிரான்சின் ராணுவ ரகசியங்களை ஜெர்மானியத் தூதரகத்துக்கு விற்க முன்வந்த, கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று 1894இல் சிக்கியது. பழி ஆல்பிரெட் டிரைபஸ் என்ற யூத அதிகாரியின் மீது விழுந்தது. டிரைபஸின் வழக்கறிஞருக்குக் காட்டப்படாத ரகசியக் கோப்பு ஒன்றை நீதிபதிகளிடம் கொடுத்து அவரைக் குற்றவாளியாக்கினார்கள். 1895 ஜனவரியில் எல்லோர் முன்னிலையிலும் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து வாளை முறித்தார்கள். பிறகு பிரெஞ்சு கயானா கடற்கரைக்கு அப்பாலுள்ள சாத்தான் தீவில் தனிமைச் சிறை.

அதே ஆண்டு ராணுவ உளவுப் பிரிவின் தலைவராக வந்தவர் ஜார்ஜ் பிக்கார். அவர் டிரைபஸின் நண்பர் அல்ல. அக்கால அதிகாரிகள் பலருக்கு யூதர்கள் மீது இருந்த வெறுப்பு அவரிடமும் இருந்தது. ராணுவமே அவருடைய வாழ்க்கை. ஆனால் 1896இல் எஸ்டர்ஹாசி என்ற வேறொரு அதிகாரியின் கையெழுத்தைப் பார்த்தபோது, டிரைபஸைச் சிறைக்கு அனுப்பிய கடிதத்தின் எழுத்து அதுதான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ரகசியக் கோப்பைத் திறந்து பார்த்தால் டிரைபஸுக்கு எதிராக உருப்படியாக எதுவுமே இல்லை. மேலதிகாரியிடம் போனார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன, நீர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற பதில் வந்ததாக அவர் பின்னர் சாட்சியமளித்தார். அவர் மறுத்தார். டுனீசியாவுக்குத் தூக்கியடிக்கப்பட்டார், பிறகு ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார், ஏறத்தாழ ஓராண்டு சிறையிலும் இருந்தார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பிக்காரின் கீழ் பணியாற்றிய ஹென்றி என்ற அதிகாரி, டிரைபஸின் குற்றத்தை உறுதிப்படுத்த ஒரு கடிதத்தைப் போலியாகத் தயாரித்தார். 1898 ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டது. கைதான மறுநாள் சிறை அறையில் தற்கொலை செய்துகொண்டார். அதோடு எல்லோர் கண்ணும் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு செய்தித்தாள் அவருடைய மனைவிக்காக நிதி திரட்டியது; ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பினார்கள். சார்ல் மொராஸ் என்ற எழுத்தாளர் அந்தப் போலிக் கடிதத்தை நாட்டுக்காகச் செய்த தொண்டாகவே எழுதினார். அவர்களுடைய வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது என்பதுதான் என்னை உலுக்குகிறது. 1871இல் ஜெர்மனி பிரான்சிடமிருந்து அல்சாஸ் பகுதியைப் பறித்துக்கொண்டது. அடுத்த போர் வரலாம். ராணுவத்தின் மானம் போனால் நாடு நிற்குமா என்று கேட்டார்கள். உண்மையான அச்சம்தான் அது. ஆனால் ராணுவத்தின் மானத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே உண்மையான உளவாளியை ராணுவத்துக்குள் விட்டுவைத்தார்கள். 1898 ஜனவரியில் எஸ்டர்ஹாசியை ராணுவ நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது மக்கள் கூட்டம் ஆரவாரம் செய்தது. நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஆரவாரம், காட்டிக்கொடுக்காதவனுக்குச் சங்கிலி! பற்று கண்ணை மறைத்தால் நாட்டுக்கு எந்த அளவு கேடு வரும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

அறப்பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். கார்ல் ஜாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர், போரில் தோற்ற தம் நாட்டு மாணவர்களுக்கு 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றியே விரிவுரையாற்றினார். நாஜி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அவர் மனைவி யூதர். ஆட்சியின் குற்றங்களில் எனக்குப் பங்கில்லை என்று ஒதுங்கிக்கொள்ள அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் அவர் ஒதுங்கவில்லை. குற்றத்தை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் இரண்டு நமக்கு இங்கே முக்கியம். அரசியல் பொறுப்பு: நம் அரசு நம் பெயரால் செய்வதற்கு, அதற்கு வாக்களிக்காதவர்கள் உட்பட, குடிமக்கள் எல்லோரும் பொறுப்பு. அறம் சார்ந்த குற்றம்: நான் செய்தது, பேசியது, பேசாமல் இருந்தது ஆகியவற்றுக்கு நான் மட்டுமே பொறுப்பு; அதை என் மனசாட்சிதான் விசாரிக்க முடியும். இன்னொன்றையும் உறுதியாகச் சொன்னார்: ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று கூற முடியாது.

பிளவுபட்ட நாட்டில் இந்தக் கடைசிக் கருத்து மிகவும் தேவை. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த கோடிக்கணக்கானவர்களை மொத்தமாகத் துரோகிகள் என்று தள்ளும்போது, பாதி நாட்டை வெறுத்துக்கொண்டே நாட்டை நேசிப்பதாகச் சொல்கிறோம். அந்தப் பாதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நாடா, நம் கட்சியா?

கொள்கையில் எதிரெதிராக நின்றவர்கள் நாட்டுக்காக ஒன்றாக நின்றதும் உண்டு. ஸ்பெயினில் 1981 பிப்ரவரி 23 அன்று, ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சியாக ஆயுதமேந்திய காவல் படையினர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து சுட்டார்கள். உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லோரும் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். பதுங்க மறுத்தவர்கள் மூவர்: சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பதவி வகித்து, பிறகு மக்களாட்சிக்கு வழிவிட்ட, அப்போது பதவி விலகவிருந்த பிரதமர் சுவாரெஸ், உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் தரப்பில் இருந்த தளபதி குட்டியெரெஸ் மெயாதோ, அதே போரில் எதிரணியில் நின்ற கம்யூனிஸ்ட் தலைவர் கரியோ. மூவரும் ஒரே கொள்கைக்காரர்கள் அல்லர். அந்த அவை நிற்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள்.

இதை வைத்து "இரு தரப்பும் ஒன்றுதான், நான் நடுநிலை" என்று ஒதுங்குவதை நான் ஏற்கவில்லை. டிரைபஸ் வழக்கில் இரு தரப்பும் ஒன்றல்ல. ஒரு தரப்பின் தவறு மலையளவும் மறுதரப்பின் தவறு கையளவும் இருந்தால் அப்படியே சொல்ல வேண்டும். பழியைச் சரிபாதியாகப் பங்கிடுவது நேர்மை ஆகாது.

நம்மில் பலருக்குப் பிக்காரின் நிலை வாய்க்காது. நமக்கு வருவது சிறிய சோதனைகள்தான். என் குடும்பத்தில் பெரியப்பா ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர். அவர் ஆதரிக்கும் தலைவரைப் பற்றிய ஒரு படம், பழைய படத்துக்குப் புதிய விளக்கம் ஒட்டியது, என் தரப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவியது. அது பொய் என்று ஆதாரத்தோடு அங்கேயே எழுதினேன். "நீ யார் பக்கம்?" என்று உடனே கேட்டார்கள். உங்கள் பக்கம்தான், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றேன். எதிர்த்தரப்பின் பொய்யைப் பெரியப்பா அவருடைய நண்பர்களிடம் மறுத்தால்தான் எடுபடும். எங்கள் பொய்யை நான்தான் மறுக்க வேண்டும். எதிரி சொல்லும் திருத்தத்தை யாரும் காதில் வாங்குவதில்லை.

"அப்படிப் பேசினால் நம் தரப்பு பலவீனப்படாதா?" என்ற கேள்வி உங்களுக்கும் வரும். அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற செனட் (நாடாளுமன்ற மேலவை) உறுப்பினர் கண்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய குடியரசுக் கட்சிக்கு அது தேர்தல் லாபமாகவே தெரிந்தது. 1950 ஜூன் 1 அன்று அதே கட்சியின் மார்கரெட் சேஸ் ஸ்மித் செனட்டில் எழுந்து, அச்சம், அறியாமை, குறுகிய வெறி, அவதூறு ஆகியவற்றின் மேலேறித் தம் கட்சி வெற்றி பெறுவதைத் தாம் விரும்பவில்லை என்றார். ஆளும் ஜனநாயகக் கட்சியையும் அதே உரையில் கண்டித்தார். அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவர்கள் ஆறு பேர். மெக்கார்த்தி அவர்களை ஏளனம் செய்தார். ஒரு முக்கியக் குழுவிலிருந்து ஸ்மித் நீக்கப்பட்டார். அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. அதன் உறுப்பினராகவே 1973 வரை செனட்டில் இருந்தார். மெக்கார்த்தியை செனட் 67க்கு 22 என்ற வாக்குகளில் கண்டித்தது 1954 டிசம்பரில்தான். இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் எத்தனையோ பேர் வேலையையும் நற்பெயரையும் இழந்தார்கள். முதல் நாளில் எழுந்தவர்கள் ஏழு பேராக இல்லாமல் எழுபது பேராக இருந்திருந்தால் அப்படி இழந்தவர்களில் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.