கஞ்சாவை நிறுத்த ஆன்லைன் சிகிச்சை உதவுமா?

கேள்வி: வயது 27. கோவையில் ஐ.டி. வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. நாலு வருஷமாகத் தினமும் ராத்திரி இரண்டு, மூன்று ஜாயிண்ட் (கஞ்சா சுருட்டு). இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். நாலாம் நாள் தூக்கம் வராமல் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயம். ஆன்லைனிலேயே சிகிச்சை எடுத்தால் சரியாகுமா?

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். ஆனால் நாற்பது வீடியோவையும் தினமொரு பொன்மொழியையும் தந்துவிட்டு அதைச் சிகிச்சை என்று விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். ஜெர்மனியில் 2004 முதல் நடக்கும் ‘க்விட் த ஷிட்’ ஆன்லைன் திட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆலோசகரோடு சாட்டில் பேசி இலக்கு வைக்கிறார்கள். பிறகு சில வாரம் டைரி. வாரம் ஒரு முறை ஆலோசகர் அதைப் படித்துப் பதில் எழுதுகிறார். அது ஜெர்மன் மொழியில் இருப்பதால் நீங்கள் சேர முடியாது. இங்கே சேரும் இடத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “நான் எழுதுவதை ஒரு மனிதர் படிப்பாரா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை?” மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

டைரி ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். இப்படி: “செவ்வாய், 10.40. மொட்டை மாடி. தனியாக. மேனேஜரின் போன் கால் இப்போதுதான் முடிந்தது. ஆசை பத்துக்கு எட்டு. இரண்டு அடித்தேன்.” இப்படி ஐந்தாறு வரி சேர்ந்தால், ராத்திரி ஆனாலே கை போகிறது என்று நீங்கள் நினைத்திருந்தது உண்மையில் அந்த போன் காலுக்குப் பின்னால் வருகிறது என்று தெரியலாம். பிறகு ஆலோசகரோடு சேர்ந்து 10.40-லிருந்து 11.10 வரை என்ன செய்வது என்று முடிவு செய்யலாம். ஆசை அலை மாதிரி எழுந்து, பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும்.

இரண்டு தடவையும் நாலாம் நாளில் தோற்றதில் ஆச்சரியமில்லை. தினமும் புகைப்பவருக்கு நிறுத்திய முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், வியர்வை, பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கமின்மையும் பயங்கரக் கனவுகளும் மட்டும் ஒரு மாதம்கூட இழுக்கும். இதை முன்கூட்டியே தெரிந்தவர், “கஞ்சா இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது” என்ற முடிவுக்கு நாலாம் ராத்திரியே வந்துவிட மாட்டார். மதியத்துக்குமேல் காபி வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதும், கஞ்சாவுக்குப் பதில் பீர் குடிப்பதும் ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றில் விழுவதுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று புகையிலை. சிகரெட்டை உதிர்த்துக் கலந்து சுருட்டுபவராக இருந்தால் உடம்பு நிக்கோட்டினையும் சேர்த்துக் கேட்கும். சாதா சிகரெட்டைத் தொடர்ந்தால் அந்தப் புகையே ஜாயிண்டை ஞாபகப்படுத்தும். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங் கம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கஞ்சாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை கிடையாது; இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒன்று அடித்துவிட்டால்? அன்றைக்கே டைரியில் எழுதுங்கள். வெட்கப்பட்டு ஆப்பைத் திறக்காமல் விடுவதில்தான் திட்டம் கைநழுவும். சிறுநீர்ப் பரிசோதனை கேட்கும் இடமாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: தினமும் புகைத்தவருக்கு நிறுத்திய பின்னும் சில வாரம் பாசிட்டிவ் வரும். இரண்டாம் வாரத்தில் பாசிட்டிவ் என்பதால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகாது.

போலீஸ் பயம் பற்றி: சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017 மனநலச் சட்டம் தருகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கொடுக்கிறது. ஆனால் அது அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான். பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். ஆகவே ஏற்கெனவே வழக்கு இருந்தால் ஆப் போதாது.

காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், தற்கொலை எண்ணம், தினசரிக் குடி, வலி மாத்திரைப் பழக்கம், நிற்காத வாந்தி, இதில் எது இருந்தாலும் நேரில் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14416, அரசின் ‘டெலிமானஸ்’ மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446-உம் இருக்கிறது.

ஆபீஸ் லேப்டாப்பில் லாகின் செய்யாதீர்கள். போனில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். நிறுத்தும் தேதியை சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரத்தில் வைக்காதீர்கள். முந்தைய நாளே பொட்டலம், பேப்பர், லைட்டர் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள், விற்பவரின் நம்பரையும் சேர்த்து.