பக்கத்து வீட்டில் அடி விழுகிறது, நான் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மும்பை தாராவியில், 90 அடி சாலைப் பக்கம் ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) வாடகைக்கு இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறார். அந்தத் தங்கச்சி முறுக்குச் சுற்றிச் சம்பாதிக்கிற கூலியையும் பிடுங்கிக்கொள்கிறார். இங்கே இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்துப் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டு, 'இனி கை நீட்ட மாட்டேன்' என்று எழுதி வாங்கினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றால், 'புருஷன் பொண்டாட்டி விவகாரம், கேஸ் உன் மேலேயே திரும்பும்' என்கிறார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, துரத்திவிடுவார்களோ என்று அவளுக்கும் பயம். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 4-வது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னதற்காக உங்கள் மேல் சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது.

சங்கத்தார் இதை வேறொரு சட்டத்தோடு போட்டுக் குழப்பியிருக்கலாம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான கிரிமினல் சட்டம் அது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. அந்தப் புகாரை அவளோ, அவள் சொந்தக்காரர்களோதான் கொடுக்க முடியும். அண்டை வீட்டார் கொடுக்க முடியாது.

ஆனால் அவளிடம் பேசாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ராத்திரி அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது அவள்தான். கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது அனுப்பிப் பேசச் சொல்லுங்கள். 'அவரை ஜெயிலில் போட வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்' என்பாள். என்னிடம் வருகிற பெண்களில் பலர் சொல்வதும் அதுதான். 2005 சட்டம் அதற்குத் தோதானது. அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார், செலவுக்குப் பணம் தரவும் சொல்வார். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் சிறை: ஓராண்டு வரை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலியைப் பிடுங்குவதும் பொருளாதார வன்முறை என்று இதே சட்டத்தில் வருகிறது.

வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. மாமனார் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடாது. குடியிருக்கும் உரிமை மட்டும்தான்.

சங்கத்தில் எழுதி வாங்கிய தாள் எங்கே? நம் சங்கங்கள் இப்படி எழுதி வாங்கி, பீரோவில் பூட்டிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்து போய்விடுகின்றன. 'இனி அடிக்க மாட்டேன்' என்றால் இதுவரை அடித்தேன் என்றுதானே பொருள்? அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அந்தச் சமரசம் அவள் நீதிமன்றம் போவதைத் தடுக்காது.

அடுத்தது ஆஸ்பத்திரி. காயத்தோடு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனால், பெண்கள் 'ஏணியில் வழுக்கிவிட்டேன்' என்று சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எழுதும் கேஸ் பேப்பரில் அதுதான் ஏறும், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அதையேதான் படித்துக் காட்டுவார். அவளை நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் சத்தம் கேட்ட தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். கதவிடுக்கில் வீடியோ மட்டும் வேண்டாம்.

மராத்தி தெரியாதே என்று அவள் தயங்கினால் யாராவது கூடப் போங்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் மும்பை போலீசோடு சேர்ந்து தொடங்கிய பெண்கள், குழந்தைகளுக்கான ஸ்பெஷல் செல்லில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-க்கு அழைக்கலாம். இன்றைக்கே அடி விழுந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். அப்போது அவள் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.