ஆறு நாளில் ஐந்து ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் 1899ல் சிவானி என்றொரு சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் அணி ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள் ஆடி ஐந்தையும் ஜெயித்ததாகவும், ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்றும் படித்தேன். நம்பும்படி இல்லை. உண்மையாகவே இருந்தாலும், எதிரணிகள் நோஞ்சானாக இருந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. உங்கள் கருத்து?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடந்ததுதான். டென்னசியில் கம்பர்லாந்து பீடபூமியின் மேல், சில நூறு மாணவர்களே படித்த கிறிஸ்தவ சபைக் கல்லூரி அது. நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10-0, அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, பையன்கள் ஒரு கரும்புத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். திங்களன்று பேட்டன் ரூஜில் எல்எஸ்யுவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, செவ்வாயன்று மெம்ஃபிஸில் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12-0. மொத்தம் 4,000 கிலோமீட்டர் ரயில் பயணம், ஆட்டக்காரர்கள் 21 பேர்.

நம் ஃபுட்பால் இல்லை இது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம். அன்று முன்னால் பந்தை எறிந்து கொடுக்க அனுமதி கிடையாது (1906ல்தான் வந்தது), அதனால் ஒவ்வொரு முறையும் கூட்டமாகப் போய் இடிப்பதுதான் வழி. விதிப்படி பாதிக்கு 35 நிமிடம், வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. எனவே அடிபட்டாலும் பெரும்பாலும் நின்றே ஆடினார்கள். டெக்சாஸ் ஆட்டத்தில் கேப்டன் சீபல்ஸுக்குத் தலை பிளந்தது, ஒட்டுப்போட்டுக்கொண்டு ஆடினார்.

இதை வீரக்கதையாகச் சொல்லும்போது ஒன்று விட்டுப்போகிறது. பயணத்துக்குக் காரணம் பணம். வழக்கமாக நல்ல வசூல் தரும் ஆட்டம் பக்கத்து நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட்டுடன்தான். டிக்கெட் காசைப் பங்கு போடுவதில் தகராறு வந்து அந்த வருடம் அது நின்றுபோனது. துண்டு விழுந்த பணத்தை எப்படி ஈடுகட்டுவது என்று யோசித்த அணியின் மேனேஜர் லூக் லீ, ரயில் கால அட்டவணையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆட்டம் பிடித்தார். வயது இருபதுதான், அவரும் மாணவர். இரவில் தூங்கும் பெட்டியில் பயணம், பகலில் ஆட்டம். மலை ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் எடுத்துப் போனார்கள், ஷூக்களை மட்டும் ஊரில் மறந்துவிட்டு தந்தி அடித்து வரவழைத்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் நாயகன் ஆட்டக்காரர்கள் யாருமில்லை, இந்த லீதான். (பின்னாளில் செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 ஜனவரியில், சில சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் பேரரசர் கைசரையே தூக்கிவரக் கிளம்பினார். கைசர் அகப்படவில்லை, கூடப் போனவர் ஒருவர் அந்த மாளிகையிலிருந்து ஒரு ஆஷ்ட்ரேயைச் சுட்டுக்கொண்டு வந்தார். தனியாக எழுத வேண்டிய ஆள்.)

அணி முழுக்க வெள்ளையர்கள். அடிமை உடைமையாளர்களான பாதிரிமார்களும் சேர்ந்து தொடங்கிய கல்லூரியில் அன்று வேறு எப்படி இருக்கும்? ஆனால் ராத்திரி ரயிலில் அவர்களுடைய கால்களைப் பிடித்துவிட்டு மறுநாள் ஆட்டத்துக்கு எழுந்து நிற்க வைத்தவர் ஒரு கறுப்பினப் பயிற்சி உதவியாளர். ‘21 பேர்’ கணக்கில் அவர் வருவதில்லை.

சரி, நோஞ்சான் எதிரணியா என்ற கேள்வி. ஓரளவு நியாயமான சந்தேகம்தான். அந்தப் பருவத்தில் இவர்கள் 71-0, 54-0 என்றெல்லாம் சில அணிகளைத் துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஐந்து ஆட்டங்களைவிட நவம்பர் 30ல் மான்ட்கோமரியில் ஆபர்னுடன் நடந்த ஆட்டத்தைப் பெரிதாக நினைக்கிறேன். எதிர்ப்பக்கப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன், இன்று சிறந்த கல்லூரி வீரனுக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆபர்ன் அன்று நன்றாகவே ஆடியது, சிவானி 11-10 என்று மயிரிழையில் தப்பியது. நடுவர்கள் சரியில்லை என்று ஹைஸ்மன் பத்திரிகைக்கே எழுதினார், நடுவர் பதிலும் எழுதினார். இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி, 322 புள்ளிகள். எதிரிகள் எடுத்த மொத்தப் புள்ளியே அந்த ஆபர்னின் 10தான். ரயில் பயணக் கதையில் இந்த ஆட்டம் அமுங்கிப்போய்விட்டது.

இன்றைய கல்லூரி அணி எதுவும் அவர்களைக் கால் மணி நேரத்தில் கசக்கிவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். அப்புறம், அதே சிவானி 1932ல் தெற்கத்திப் பெரிய அணிகளோடு சேர்ந்து எஸ்இசி கூட்டமைப்பைத் தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று. அதில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 1940ல் வெளியேறியது. இப்போது விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள்.