50 நிமிட வகுப்புப் பதிவை என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஒரு கலைக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். இணையவழிப் பாடத்துக்காக 50 நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து அனுப்புகிறேன். வலங்கைமான், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து கைபேசியில் படிக்கும் மாணவர்களில் பலர் சில நிமிடங்களிலேயே நிறுத்திவிடுகின்றனர். காணொளியைச் சுருக்கினால் பாடமும் சுருங்கிவிடாதா?

பதில்: பாடத்தைச் சுருக்க வேண்டாம், பிரியுங்கள். எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. இதை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து வெட்டினால், விளக்கம் பாதியில் அறுந்துபோகும். ஒரு காணொளிக்கு ஒரே கேள்வி என்று வைத்துக்கொண்டு, அதற்கு விடை கிடைக்கும் இடத்தில் முடிப்பதே என் பரிந்துரை.

நெற்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் வந்த வயலில் முற்பகல் வேளையில், கைபேசியைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, ஒரே ஒரு பூவை நெருக்கத்தில் பதிவு செய்யுங்கள். உமி மெல்ல விலகும். ஆறு மகரந்தத் தாள்கள் வெளியே நீண்டு தொங்கும். பிறகு உமி மீண்டும் மூடிக்கொள்ளும். பதிவை வேகப்படுத்தினால் இவை அனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உமி விலகத் தொடங்கும் அந்த இடத்தில் காணொளியை நிறுத்தி, ‘இதைத் திறந்தது எது?’ என்று கேளுங்கள். மாணவர் தம் ஊகத்தை எழுதிய பின்னரே, லாடிக்யூல் என்னும் இரண்டு சிறு செதில்கள் நீரை உறிஞ்சிப் பருத்து உமியைத் தள்ளுவதைப் படம் வரைந்து விளக்குங்கள். வரப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இதை இவ்வளவு நெருக்கத்தில் கண்டிருக்க மாட்டார்கள். அந்த வியப்பைப் பாடப்புத்தகப் படத்தால் தர முடியாது.

இடையில் கேள்வி கேட்பதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு தேர்வு வைத்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், அம்மாணவர்களின் கவனம் குறைவாகச் சிதறியதையும், அவர்கள் அதிகக் குறிப்பெடுத்ததையும், இறுதித் தேர்வில் சிறப்பாக எழுதியதையும் 2013இல் பதிவு செய்துள்ளனர்.

மாணவர்களின் டேட்டா செலவையும் கருதுங்கள். வினாடிக்கு 500 கிலோபிட் அளவில் பதிவான 50 நிமிடக் காணொளி ஏறக்குறைய 190 எம்பி பிடிக்கும். 6 நிமிடத்துக்கு 23 எம்பி போதும். நீங்கள் பேசுவதையெல்லாம் திரையிலும் எழுதிக் காட்டாதீர்கள். சிறிய திரையில் கண்ணும் காதும் ஒன்றோடொன்று போட்டியிடும். தமிழில் விளக்கி, தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலக் கலைச்சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால் போதும். செல் பிரிதல் போன்ற பொதுவான தலைப்புகளுக்கு இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் நல்ல காணொளி இருந்தால் அதன் இணைப்பையே கொடுத்துவிட்டு, உங்கள் உழைப்பை வயலில் எடுக்க வேண்டிய பதிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் எழுதி அனுப்பும் ஊகங்களை நேரலை வகுப்புக்கு முந்தைய இரவே படித்துவிடுங்கள். பலர் ஒரே தவற்றைச் செய்திருந்தால், மறுநாள் வகுப்பை அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குங்கள்.